பட்டனை அமுக்கும் முன் நடந்ததும் பதிவாகுமா? ப்ரீ-ரெக்கார்ட், லூப் மோட்: தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆடி மாத வெள்ளிக்கிழமை. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம். துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைக்கிறார். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. கூட்டத்தில் எல்லார் கையிலும் கேமரா. ஆனால் தேர் முதன்முதலாகக் குலுங்கி நகரும் அந்த நொடி எப்போது வரும்னு யாருக்கும் தெரியாது. "கிளம்பிருச்சு" என்ற சத்தம் கேட்டு பட்டனை அமுக்கினால், வீடியோவில் இருப்பது ஓடுகிற தேர்தான். கிளம்பிய நொடி போயே போச்சு.

இந்தச் சிக்கலுக்காகவே கையடக்க கேமராக்களில் இரண்டு வசதிகள் உள்ளன. ஒன்று ப்ரீ-ரெக்கார்ட், இன்னொன்று லூப். இரண்டையும் ஒன்றுன்னு நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

ப்ரீ-ரெக்கார்ட் என்றால் என்ன?

இது ரயில் டிக்கெட் முன்பதிவு மாதிரி கிடையாது. கேமரா ஆனில் இருக்கும்போதே, நீங்கள் பட்டனைத் தொடாவிட்டாலும், அது படம்பிடித்துத் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டே இருக்கும். கடைசி சில நொடிகள் மட்டுமே அங்கே தங்கும். புதுசு வர வர பழசு போய்விடும். பட்டனை அமுக்கியதும், அந்தச் சில நொடிகளும் சேர்ந்து மெமரி கார்டில் பதிவாகும்.

எத்தனை நொடி? அது கேமராவைப் பொறுத்தது. கேனான் கேம்கார்டர்களில் சுமார் 3 நொடி. கோப்ரோ நிறுவனம் 2020-ல் ஹீரோ 9 பிளாக் கேமராவில் கொண்டுவந்த 'ஹைண்ட்சைட்' வசதியில் 15 அல்லது 30 நொடி. போலீசார் சட்டையில் மாட்டும் ஆக்சான் பாடி கேமராக்களில் வழக்கமான அமைப்பு 30 நொடி. அதிலும் அந்த முதல் 30 நொடிக்கு ஒலி இருக்காது, படம் மட்டும்தான்.

கவனிக்க வேண்டியவை:

- கேமரா ஏற்கெனவே சரியான திசையைப் பார்த்திருக்க வேண்டும். பையில் இருந்தால் பையின் இருட்டுதான் பதிவாகும்.
- லென்ஸ் எப்போதும் வேலை செய்வதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தேர் நகரப்போகும் நேரத்தில் மட்டும் ஆன் செய்தால் போதும்.
- பட்டனை அமுக்காமல் கேமராவை ஆஃப் செய்தால் அந்த நொடிகள் போனது போனதுதான். அவை கார்டுக்கே வந்திருக்காது.

லூப் என்றால் என்ன?

பள்ளிக்கூட சிலேட்டை நினைத்துப் பாருங்கள். நிறைய எழுதி இடம் தீர்ந்ததும், மேல் வரியை அழித்து அங்கேயே எழுதுவோம் இல்லையா? லூப் அதுதான். கேமரா தொடர்ந்து பதிவு செய்யும். கார்டு நிறைந்ததும் இருப்பதிலேயே பழைய பதிவை அழித்து அதில் புதியதை எழுதும். கார் டேஷ்கேம் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. வீடியோ 1, 3, 5 நிமிடத் துண்டுகளாகச் சேமிக்கப்படும்.

ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவானால், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 4.5 ஜிபி தேவை. 64 ஜிபி கார்டு ஏறக்குறைய 14 மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு முதல் மணி நேரம் அழியத் தொடங்கும். தரத்தைக் கூட்டினால் இந்த நேரம் குறையும்.

ஆக்‌ஷன் கேமராவில் லூப் கொஞ்சம் வேறு மாதிரி. '5 நிமிடம்' என்று வைத்தால், எவ்வளவு நேரம் ஓடினாலும் நிறுத்தும்போது கையில் இருப்பது கடைசி 5 நிமிடம் மட்டுமே. இது தெரியாமல் திருவிழா முழுக்கப் படம்பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்தால் பயனில்லை.

அழிந்தால் என்ன ஆகும்? சாத்தான்குளம் சொல்லும் பாடம்

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் சில நாட்களில் உயிரிழந்தனர். அங்கே விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். சிசிடிவி ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. ஜூன் 19 முதலான காட்சிகள் கிடைக்கவில்லை. இடம் இருந்தது, கேமரா ஓடியது, ஆனாலும் காட்சி இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலைய சிசிடிவி பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டாலும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எதற்கு எது?

- தேர் கிளம்பும் நொடி, அலையில் படகு ஏறி இறங்கும் காட்சி: ப்ரீ-ரெக்கார்ட்.
- அரியாங்குப்பம் வழியே கடலூர் சாலையில் தினசரிப் பயணம்: லூப்.
- திருவிழா முழுவதும் வேண்டும்: இரண்டும் வேண்டாம், சாதாரணப் பதிவே போதும்.

விபத்தோ தகராறோ பதிவானால் உடனே என்ன செய்யணும்?

1. முதலில் பதிவை நிறுத்துங்கள். லூப் ஓட ஓட பழைய துண்டுகள் அழியும்.
2. 'லாக்' பட்டன் இருந்தால் அமுக்குங்கள். லாக் செய்த துண்டின் மேல் புதுப் பதிவு ஏறாது. பல டேஷ்கேம்கள் பலமான அதிர்வு ஏற்பட்டால் தாமாகவே லாக் செய்யும்.
3. கேமராவை ஆஃப் செய்து கார்டைக் கழற்றுங்கள். வேறு கார்டு போட்டுக்கொள்ளலாம்.
4. அசல் கோப்பை அப்படியே நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். அசல் கார்டை அழிக்காதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ன்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழும் தேவை. எந்தக் கருவியில் பதிவானது என்ற விவரத்தோடு, கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் அதில் இடம்பெறும். கோப்பில் சின்ன மாற்றம் செய்தாலும் அந்த எண் மாறிவிடும். எனவே வெட்டி ஒட்டாமல் அசலை வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. கேமராவின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதான்னு இன்றைக்கே பாருங்கள். லூப் ஆனில் இருக்கிறதா, ஆஃபில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தேர் நகர்ந்த பிறகு செட்டிங்கைத் தேடிப் பயனில்லை.