கட்டுரை நோட்டில் பிள்ளை எங்கே?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரை நோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். தலைப்புகளுக்கு அடிக்கோடு இருக்கும். எழுதிய பிள்ளையை மட்டும் அதில் காண முடியாது.

'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுதியதை நாம் வாசிக்க நேர்ந்தது. பசுமையான வயல்கள், சலசலத்து ஓடும் ஆறு, ஏர் பூட்டி உழும் உழவர்கள் என்று இரண்டு பக்கம். அவனுடைய ஊரோ கடற்கரை ஊர். வயலும் கிடையாது, ஆறும் கிடையாது. "இந்த ஆறு எங்கே தம்பி ஓடுது?" என்று கேட்டோம். "கைடுல ஓடுது ஹஜ்ரத்" என்றான்.

சிரித்துவிட்டோம். பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தோம். வீட்டில் உம்மா, வாப்பா, ராத்தா என்று அழைக்கிற பிள்ளை, நோட்டில் அம்மா, அப்பா, அக்கா என்று எழுதியிருந்தான். வீட்டுச் சொல் நோட்டுக்கு ஆகாது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவனாகவே அப்படி முடிவுகட்டிக்கொண்டான். எழுத்து என்பது தன்னுடையது அல்ல என்று பன்னிரண்டு வயதில் முடிவு செய்துவிடுகிற பிள்ளை, பட்டம் வாங்கிய பிறகும் ஒரு மனு எழுத ஆள் தேடுகிறது. நம் மஹல்லாக்களில் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சிவப்பு மை

நம்முடைய தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன், மக்தபுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி, தன் உம்மம்மா மௌத்தானதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை, அவளாகவே எழுதியது. நாம் உடனே பேனாவை எடுத்து ர-ற, ன-ண பிழைகளையெல்லாம் சுழித்தோம். பக்கம் முழுவதும் சிவப்பு. உம்மம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு எதையும் எழுதிக் கொண்டுவரவில்லை.

பிழை திருத்தக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. 'பனி' வேறு, 'பணி' வேறு. 'மரம்' வேறு, 'மறம்' வேறு. தெரிந்துதான் ஆக வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பிள்ளை சொல்ல வந்த விஷயம், பிறகு அதைச் சொன்ன விதம், கடைசியில் எழுத்துப்பிழை. அதிலும் ஒரு கட்டுரைக்கு ஒன்றிரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. இந்த வாரம் ண-ன என்றால் அது மட்டும். தான் அடிக்கடி தடுமாறும் சொற்களைப் பிள்ளையே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

விஷயத்தைத் திருத்துவதற்குப் பேனா தேவையில்லை, கேள்விதான் தேவை. ஆறு ஓடவிட்ட அந்தச் சிறுவனிடம், "நேற்று அஸருக்குப் பிறகு எங்கே போனாய்?" என்று கேட்டோம். மீன் வாங்கப் போனானாம். எழுதச் சொன்னோம். "மீன் வாங்கப் போனேன். கூட்டமாக இருந்தது. வாங்கி வந்தேன்" என்று மூன்று வரி எழுதினான். கூட்டத்தில் யார் நின்றார்கள், உன் காதில் என்ன விழுந்தது, உனக்கு முன்னால் நின்றவர் என்ன வாங்கினார் என்று கேட்கக் கேட்க, ஏலம் விடுகிறவருக்குக் குரல் கம்மிப்போயிருந்தது வந்தது, விலை படியாமல் திரும்பிப் போன பாட்டி வந்தார், உம்மா கொடுத்தனுப்பிய பணத்துக்கு நினைத்த மீன் கிடைக்காமல் சாளை வாங்கி வந்தது வந்தது. எல்லாம் அவனுக்குத் தெரிந்தவைதான். யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

காது கண்டுபிடிக்கும்

குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகள் உஸ்தாதிடம் பாடம் கொடுப்பதற்கு முன், இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் ஓத ஒருவர் கேட்பது நமக்குப் பழகிய காட்சி. தமிழ் எழுத்துக்கும் இதையே செய்யலாம். எழுதியதைச் சத்தமாக வாசித்தால், விட்டுப்போன சொல்லைக் கண் தவறவிட்டாலும் காது பிடித்துவிடும். மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். கேட்கிற பிள்ளைக்கு இரண்டே வேலை: மனதில் நின்ற ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும், புரியாத ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்பதை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. அது நோட்டைச் சீக்கிரம் திருப்பிக் கொடுப்பதற்கான வார்த்தை.

எழுதவே வராது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்களே வளைகுடாவில் இருக்கும் வாப்பாவுக்கு மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் வாய்ஸ் நோட் அனுப்புவார்கள். அதைத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் பிரதி தயார். அதைத் திருத்தி எழுதி, படம் எடுத்து வாப்பாவுக்கே அனுப்பலாம். வெளிநாட்டில் இருப்பவர் நல்ல வாசகர். அவர் சம்பவம் நடந்த இடத்தில் இல்லாததால், பிள்ளை எதை விட்டுவிட்டது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். வாப்பாமார்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான்: பதிலில் பிழை சொல்லாதீர்கள், ஒரு கேள்வி கேளுங்கள்.

பார்பியானா

இதை ஒரு முறையாகவே செய்துகாட்டிய பிள்ளைகள் இத்தாலியில் இருந்தார்கள். ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே உள்ள மலைக் கிராமம் பார்பியானா. 1954-ல் அங்கு அனுப்பப்பட்ட லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், ஏழை விவசாயக் குடும்பப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்தினார். அங்கு படித்த எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967-ல் நூலாக வந்தது. ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியடையச் செய்து வெளியே தள்ளும் பள்ளிகளைப் பற்றிய நூல் அது.

அவர்கள் எழுதிய விதத்தையும் அந்நூலிலேயே விளக்கியிருக்கிறார்கள். தோன்றுவதை எல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுதுவது, பிறகு மேசையில் பரப்பி, ஒரே கருத்து இருமுறை வந்தால் ஒன்றை எடுத்துவிடுவது, உறவுள்ள சீட்டுகளைக் குவியலாக்குவது, அவற்றை வரிசைப்படுத்தி எழுதுவது, தேவையற்ற சொற்களை வெட்டுவது. கடைசியாக, அதிகம் படிக்காத வெளியாட்களை அழைத்து வாசிக்கச் செய்து, அவர்களுக்குப் புரிகிறதா என்று பார்ப்பது. நம் வீடுகளில் ஐந்தாம் வகுப்போடு நின்ற பெரியம்மாக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! பெரியம்மாவுக்குப் புரியாத வரியைப் பிள்ளை மாற்றி எழுதட்டும்.

பகிர்வது

விழாக்களில் நடத்தும் கட்டுரைப் போட்டிகளில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பரிசு பெறும் கட்டுரைகளில் பாதியை ராத்தாமார்கள் எழுதியிருப்பார்கள். இப்போது அந்த வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டது. அதைவிட, பத்துப் பிள்ளைகள் சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தயாரிக்கலாம். ஒரே ஒரு பிரதி போதும். மஹல்லா நூலகத்தில் வைத்தால் கை மாறிப் போய்க்கொண்டிருக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால், 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்காகப் பள்ளிக் கல்வித்துறை 2022-ல் தொடங்கிய 'தேன்சிட்டு' இதழில் மாணவர் படைப்புகளுக்கும் இடம் உண்டு. ஊஞ்சல் என்ற இதழ் 4, 5-ஆம் வகுப்புக்கு.

பிள்ளையின் அனுமதி இல்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். மாமா ஒருவர் வேடிக்கையாக ஒரு சிரிப்புப் பொம்மை போடுவார், பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருக்காது. வீட்டுச் சண்டை, கடன், நோய் போன்றவை எழுத்தில் வந்தால், திட்டாமல் வாசித்து, அதை நோட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் போதும்.

பரீட்சைக்கு முன்னுரை, முடிவுரை வேண்டும் என்பதும் உண்மை. அதைத் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம், ஒருநாள் பாடம்தான்.

கடற்கரைச் சிறுவன் 'எங்கள் ஊர்' கட்டுரையை மறுபடி எழுதினான். ஆறு போய்விட்டது, மீன் ஏலம் வந்தது, உம்மாவும் வந்தார். பள்ளியில் முதல் கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு கிடைத்தது, இதற்கு ஏழு. தம்மாமில் இருக்கும் அவன் வாப்பா அதை வாசித்துவிட்டு, அந்தப் பாட்டி கடைசியில் மீன் வாங்கினாரா இல்லையா என்று கேட்டு அனுப்பினார். விசாரித்துச் சொல்கிறேன் என்று மறுநாள் ஏலத்துக்குப் போயிருக்கிறான்.