இடது காலுக்கு ஒரு சரித்திரம்

டிராக்டர் வாங்கப் போறவங்க எத்தனை எச்.பி., டீசல் எவ்வளவு குடிக்கும்னுதான் கேப்பாங்க. ஓட்டுறவரோட இடது காலைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா டிராக்டர் கியரின் சரித்திரத்தில் பாதி, அந்தக் காலைக் காப்பாற்றின கதைதான்.

மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசன வயலில் தொழி அடிக்கிறதைப் பாருங்க. சின்னச் சின்ன வயல். கொஞ்ச தூரம் போனதும் வரப்பு. மூலைக்கு மூலை கிளட்சை மிதி, ரிவர்ஸ் போடு, மறுபடி மிதி, முன்னால எடு. பொழுதன்னைக்கும் இதே வேலை.

அமெரிக்காவில் 1954-லேயே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி ஒரு வழி கண்டுபிடிச்சது. லீவரை இழுத்தா கிளட்ச் மிதிக்காமலே வேகம் மூணில் ஒரு பங்கு குறையும். 1959-ல் ஃபோர்டு, கிளட்ச் இல்லாமலே மாத்துற பத்து கியர் கொண்டுவந்து, ஆரம்பத்தில் ரிப்பேரால் பேர் கெட்டது. 1962-ல் மாஸி பெர்குசனின் மல்டி பவர். அதிலும் ஒரு வில்லங்கம்: லோ-வில் இருக்கும்போது இறக்கத்தில் எஞ்சின் பிடிச்சு நிறுத்தாது. பாரம் ஏத்தின டிரெய்லரோட கண்மாய்க்கரை இறங்கறதை நினைச்சுப் பாருங்க!

1960-ல் சென்னையில் அதே மாஸி பெர்குசன் கூட்டோடு டாஃபே ஆரம்பிச்சாங்க. ஆனாலும் நம்ம ஊரில் பரவலா நின்னது சாதா கியர் பெட்டிதான். விலை கம்மி, பிரிச்சு மாட்டவும் உள்ளூர் மெக்கானிக் போதும். என் கணிப்பு இது.

இப்ப எதை வாங்கறது? டபுள் கிளட்ச்னு சொன்னா ஏமாறாதீங்க. வண்டி நின்னாலும் ரோட்டவேட்டர் சுத்தும், அவ்வளவுதான், மிதி குறையாது. சிங்க்ரோ ஷட்டிலில் கியர் சத்தமில்லாம விழும், ஆனா கிளட்ச் மிதிச்சே ஆகணும். எண்ணெயில் முங்கின கிளட்ச்சுகளோட வர்ற பவர் ஷட்டிலில் மட்டும்தான், காலை வைக்காம முன்னும் பின்னும் போகலாம். விலை கூடத்தான்.

திருமங்கலம் கரிசலில் நீளச் சால் ஓட்டறவங்களுக்கு அது தேவையில்லை. சரியான கியரைப் போட்டு ஏறினா, காடு முடியற வரை மாத்த வேண்டாம். தொழிக்கும் லோடர் வேலைக்கும்தான் கூடுதல் காசு கொடுக்கலாம்.

சிக்கல் என்னன்னா, காசு முதலாளியோடது, முட்டி டிரைவரோடது. அதனால் ஷோரூமுக்குப் போறப்ப அவரையும் கூட்டிட்டுப் போங்க. ஏறி உக்காந்து மிதிச்சுப் பாத்து அவர் சொல்லட்டும்.