தேள் தேடலின் வரலாறு: கல் புரட்டலில் இருந்து புற ஊதா விளக்கு வரை

தேள் தேடல் என்பது ஆய்வு, நஞ்சுமுறி மருந்துத் தயாரிப்பு, உயிரினக் கணக்கெடுப்பு ஆகியவற்றுக்காகத் தேள்களை அவற்றின் வாழிடத்திலேயே கண்டறியும் களப்பணி ஆகும். தேள் இரவில் நடமாடும் உயிரி. பகலில் கல்லடியிலும் வளையிலும் மரப்பட்டை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். பல இனங்களின் நிறம் அவை வாழும் மண்ணின் நிறத்தை ஒத்திருக்கும். இதனால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பகலில் கைக்கு எட்டிய தேள்களே. புற ஊதா விளக்கு இந்நிலையை மாற்றியது. ஆனால் அந்த விளக்குக்கும் தெரியாதவை உண்டு. அவற்றை அறிந்து திட்டமிடுவதே இன்றைய தேள் தேடலின் அடிப்படை.

விளக்குக்கு முன்

பழைய முறைகள் மூன்று: கல் புரட்டுதல், வளை தோண்டுதல், குழிப்பொறி வைத்தல். குழிப்பொறி என்பது வாய்ப்பகுதி தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணில் புதைக்கப்படும் டப்பா. இரவில் அவ்வழியே நடக்கும் தேள் அதில் விழும்.

பிரான்சின் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் தென்பிரான்சின் வறண்ட குன்றுகளில் கற்களைப் புரட்டித் தேள்களைச் சேகரித்தார். இடுக்கியால் வாலைப் பிடித்து, ஒன்றையொன்று தாக்காதபடி தனித்தனிக் காகிதக் கூம்புகளில் இட்டு எடுத்து வந்தார். பின் கண்ணாடி அடைப்பில் வளர்த்து, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் அவற்றின் வாழ்க்கையைக் கவனித்தார். காட்டில் இருளில் தேடிக் காண வழியில்லாததால், தேளை வீட்டுக்குக் கொண்டுவந்தே அதன் இரவை அவர் காண முடிந்தது.

இந்தியத் தேள்களைப் பற்றிய விரிவான முதல் தொகுப்பு, ரெஜினால்ட் இன்னெஸ் போக்காக் எழுதி 1900-இல் வெளிவந்த பிரித்தானிய இந்திய விலங்குகள் வரிசையின் சிலந்தியினத் தொகுதியில் உள்ளது. அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த மாதிரிகளே இத்தகைய நூல்களுக்கு ஆதாரம். கல்லடியில் ஒதுங்கும் இனங்கள் எளிதில் கிடைத்தன. மணலில் புதைந்து வாழ்பவையும் பாறை வெடிப்புக்குள் வாழ்பவையும் அரிதாகவே கிடைத்தன. அதனால் பரவலாக வாழ்ந்த இனம்கூட ஏட்டில் அரிய இனமாகத் தோன்றக்கூடும்.

ஒளிரும் உடல்

1954-இல் இத்தாலியின் மாரியோ பாவனும், தென்னாப்பிரிக்காவின் ரெஜினால்ட் லாரன்சும் புற ஊதா ஒளியில் தேளின் உடல் ஒளிர்வதை அறிவியல் ஏடுகளில் பதிவு செய்தனர். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரைத் தேளின் புறத்தோல் உறிஞ்சி, நீலப் பச்சை ஒளியாக வெளிவிடுகிறது. இதற்குக் காரணமான சேர்மங்களுள் பீட்டா கார்போலின் 1999-இலும், கூமரின் வகைச் சேர்மம் ஒன்று 2001-இலும் இனங்காணப்பட்டன. தேளுக்கு இந்த ஒளிர்வால் என்ன பயன் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

இந்த ஒளிர்வு தேள் இறந்த பின்னும் நீடிக்கிறது. ஆல்ககாலில் பல்லாண்டுகள் கிடந்த அருங்காட்சியக மாதிரியும் ஒளிரும். ஆனால் அண்மையில் தோலுரித்த தேள் ஒளிராது. புதிய தோல் கெட்டிப்பட்ட பிறகே ஒளிர்வு திரும்பும். தாயின் முதுகில் இருக்கும், முதல் தோலுரிப்பை எட்டாத குஞ்சுகளும் அவ்வாறே.

ஆய்வகத்திலிருந்து பாலைவனத்துக்கு

கண்டுபிடிப்பு களக்கருவியாக மாறச் சில ஆண்டுகள் ஆயின. தொடக்ககாலப் புற ஊதா விளக்குகள் கனமானவை. மின்கலங்களையோ மின்னாக்கியையோ உடன் சுமக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்லி வில்லியம்ஸ் 1968-இல் தேள் கணக்கெடுப்பு முறைகளைப் பற்றி எழுதினார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் ஸ்டான்கே 1972-இல் புற ஊதா ஒளியைப் பயனுள்ள களக்கருவியாக எடுத்துரைத்தார். ஸ்டான்கேக்கு இது வெறும் வகைப்பாட்டு ஆர்வம் அன்று. அரிசோனாவின் மரப்பட்டைத் தேள் குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடியது. அவர் உருவாக்கிய நச்சுயிரி ஆய்வகம் அதற்கு நஞ்சுமுறி மருந்து தயாரித்தது. நஞ்சு எடுக்க உயிருள்ள தேள்கள் தொடர்ந்து தேவைப்பட்டன.

விளக்கின் முழுப்பயனைக் காட்டியவர் கேரி போலிஸ். தெற்குக் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு மணல்மேடுகளில் இரவுதோறும் நடந்து, தேள்களுக்கு அடையாளம் இட்டு, அதே தேளை மீண்டும் மீண்டும் கண்டு பதிவு செய்தார். பெரிய தேள்கள் தம் இனத்துச் சிறு தேள்களையே உண்பது அவ்வினத்தின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முக்கியக் காரணி என்பது இவ்வாறு தெரிய வந்தது. கல் புரட்டித் தேடியிருந்தால் இதைக் கண்டிருக்க முடியாது. தேள் தன் வாழ்நாளின் மிகப்பெரும் பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கிறது என்பதையும் இவ்வாய்வுகள் உணர்த்தின. எனவே ஓரிரவில் விளக்கில் தெரியும் எண்ணிக்கை அன்று மேலே வந்தவற்றின் எண்ணிக்கை மட்டுமே. அங்கு வாழும் மொத்தத் தேள்களின் எண்ணிக்கை அன்று.

திட்டமிடல்

இக்காரணத்தால் களப்பயணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. நிலவொளியில் பல இனங்கள் வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கின்றன. நெகேவ் பாலைவனத் தேள்களில் ஓஃபர் ஸ்குடெல்ஸ்கி செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, இதை வேட்டையாடிகளால் வரும் ஆபத்தோடு இணைத்துக் காட்டியது. நிலவொளியில் தேளின் ஒளிர்வும் மங்கித் தெரியும். ஆகவே அமாவாசையை ஒட்டிய நாட்கள் ஏற்றவை. குளிரும் பலத்த காற்றும் உள்ள இரவுகளில் தேள்கள் குறைவாகவே வெளிவரும்.

இடத்தைப் பகலிலேயே நடந்து பார்த்துவிட வேண்டும். வளை வாயின் வடிவம், பாறை வெடிப்பு, கிணறு, பள்ளம், திரும்பும் வழி ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்துக்குப் பல இரவுகள் செல்வது, பல இடங்களுக்கு ஓரிரவு செல்வதைவிட நம்பகமான கணக்கைத் தரும்.

கருவிகள்

இன்று எல்.இ.டி. கைவிளக்குகள் அந்தப் பழைய சுமையை நீக்கிவிட்டன. சந்தையில் 365, 395 நானோமீட்டர் விளக்குகள் பரவலாகக் கிடைக்கின்றன. 395 விளக்கில் ஊதா வெளிச்சமும் சேர்ந்து வருவதால் தேளின் ஒளிர்வு அதில் ஓரளவு கலங்கித் தெரியும். 365 விளக்கில் பின்புலம் இருண்டு தேள் தெளிவாகத் தெரியும். இரண்டுக்கும் கண் பாதுகாப்புக் கண்ணாடி தேவை.

புற ஊதா விளக்கு தேளைக் காட்டும். பாம்பையும் முள்ளையும் பள்ளத்தையும் காட்டாது. எனவே வெள்ளொளி விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். கணுக்காலை மூடும் காலணி, நீண்ட இடுக்கி, காற்றுத்துளையிட்ட தனித்தனி டப்பாக்கள், குறிப்பேடு, உதிரி மின்கலங்கள் ஆகியவை மற்றவை. பாசிக்காளான், சில மரவட்டைகள், சில கனிமங்கள், சலவைத்தூள் படிந்த துணி ஆகியவையும் ஒளிரும். பழகிய கண் இவற்றை விரைவில் பிரித்தறியும்.

பாதுகாப்பு

மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதும் திட்டத்தின் பகுதியே. இந்தியாவின் செந்தேள், உருவில் பெரிய நட்டுவாக்காலியைவிடச் சிறியது. ஆனால் அதைவிட மிகவும் ஆபத்தானது. 1798-இல் ஃபாப்ரிசியஸ் விவரித்த இவ்வினத்தின் பெயரில் உள்ள 'தமுலஸ்' என்ற சொல் தமிழைக் குறிப்பது. இதன் நஞ்சு இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். மகாராட்டிரத்தின் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980-களில் பிரசோசின் மருந்தைப் பயன்படுத்தி இத்தகைய இறப்புகளை வெகுவாகக் குறைத்தார். காலந்தாழ்த்தாமல் தொடங்கினால்தான் இச்சிகிச்சை முழுப்பயன் தரும்.

கொடுக்கு ஒன்றே ஆபத்து அன்று. கேரி போலிஸ் 2000 மார்ச்சில் மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாத் தீவு ஒன்றில் களப்பணி முடித்துத் திரும்புகையில், புயற்காற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். உடன் சென்றவர்களுள் ஆய்வாளர் நால்வர் உயிரிழந்தனர்.

எளிமையின் விலை

1758 முதல் 1998 வரை பெயரிடப்பட்ட தேள்களைத் தொகுத்த உலகப் பட்டியலில் 1,259 இனங்கள் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 2,500-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளர்ச்சியில் மரபணு ஆய்வுக்கும் புதிய வகைப்பாட்டுக்கும் பங்கு உண்டு. புற ஊதா விளக்குக்கும் உண்டு.

ஆனால் எளிதில் கிடைப்பது எளிதில் குறையவும் கூடும். தேள்கள் மெதுவாக வளர்ந்து, குறைந்த எண்ணிக்கையில் குட்டி ஈனுபவை. மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள் வளர்ப்பு விலங்கு வணிகத்துக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டதால், 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டீசின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கணக்கெடுப்புக்கு வந்தவர் தேளைப் பிடிக்க வேண்டியதே இல்லை. கண்டு, படமெடுத்து, இடமும் நேரமும் குறித்தால் போதும். புரட்டிய கல்லை இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். அக்கல்லின் அடியில் உள்ள ஈரமும் இடைவெளியும் உருவாகப் பல காலம் பிடித்திருக்கும். அடுத்த கோடையைத் தேள் கடக்க அதுவே புகலிடம்.