தடா, பொடா, ஒரு வாக்குமூலம்

பயங்கரவாதத்திடமிருந்து நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. சந்தையிலோ ரயில் நிலையத்திலோ குண்டு வெடித்தால் சாவது சாதாரண மக்கள்தான். ஆனால் அவர்களைக் காப்பாற்றுவதற்காக அவர்களுடைய உரிமைகளையே எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று கேட்டால் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "நாடுதான் முக்கியம்" என்பது ஒரு கட்சி. "மனித உரிமைதான் முக்கியம்" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்கிற மாதிரியே விவாதம் போகும்.

இந்தியாவின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒரு சட்டப் பிரிவின் கதையைப் பார்த்தாலே இது விளங்கும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லுமா, செல்லாதா என்பதைச் சொல்லும் பிரிவு அது.

கிட்டியும் அண்ணாந்தாளும்

கதை சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் வரை போனது. அதை விசாரிக்கச் சென்னையில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டு, 1855-ல் அறிக்கை கொடுத்தது. புகார் உண்மைதான் என்றது அந்த அறிக்கை. எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்ற பட்டியலில் நம் ஊர்ச் சொற்களே இருக்கின்றன. ஒன்று கிட்டி: விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் இணைத்து, ஆளைக் குனிந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பது.

அடிக்குப் பயந்து சொன்னதை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் போலீஸ் அடிப்பதை நிறுத்தவே நிறுத்தாது என்பது வெள்ளைக்கார அரசுக்கே புரிந்தது. எனவே போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் அதுவே 25-வது பிரிவு ஆனது. ஒருவர் மனமுவந்து ஒப்புக்கொள்ள விரும்பினால் மாஜிஸ்திரேட் முன்னால் போய்ச் சொல்லலாம்.

இது வெள்ளைக்காரன் கருணையால் வந்ததல்ல. அதே அரசுதான் 1919-ல் ரௌலட் சட்டம் கொண்டு வந்து, விசாரணையே இல்லாமல் ஆட்களை அடைத்து வைக்க வழி செய்தது. "வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை" என்று மக்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். அந்த எதிர்ப்பில்தான் ஜாலியன்வாலா பாக் நடந்தது. ஆனாலும் 25-வது பிரிவில் அந்நிய அரசு கை வைக்கவில்லை.

சுதந்திர இந்தியாவில்

சுதந்திரம் வந்த பிறகு அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. ஆனால் விசாரணையின்றி அடைத்து வைக்கும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது. 1950-ல் தடுப்புக் காவல் சட்டம், 1971-ல் மிசா. நெருக்கடி நிலையின்போது மிசாவில் உள்ளே போனவர்கள் ஹேபியஸ் கார்பஸ் மனு கூடப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரலில் 4-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது, அவர் ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை ஆயிற்று.

மிசாவில் ஒருவரை அடைத்தாலும் அவர் குற்றவாளி என்று அரசு நிரூபித்ததாக ஆகாது. அடுத்து வந்த சட்டங்கள் நிரூபிப்பதற்கான விதியிலேயே கை வைத்தன. அதுதான் தடா.

தடாவும் 15-வது பிரிவும்

தடா வந்த காலத்தை மறந்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. பஞ்சாப் எரிந்துகொண்டிருந்தது. 1984-ல் பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து டெல்லியில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டனர். 1985 மே மாதம் டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் வைத்த குண்டுகள் வெடித்தன. சாட்சி சொல்ல வந்தால் உயிர் போகும் என்ற நிலையில் யார் நீதிமன்றத்துக்கு வருவார்கள்? அரசு கேட்ட இந்தக் கேள்வியில் உண்மை இருந்தது.

அந்த மே மாதமே தடா நிறைவேறியது. இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்றார்கள். பத்து ஆண்டுகள் நீடித்தது. 1987-ல் வந்த புதிய தடாவின் 15-வது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றது. நூறாண்டுகளுக்கு மேல் இருந்த தடுப்பு இப்படி நீக்கப்பட்டது.

1994-ல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர் 15-வது பிரிவை ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டவர்களும் பயம் இல்லாத சூழலில் பதிவு செய்ய வேண்டும், தாமதமின்றி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம் அறிவுரை சொன்னார்கள்.

விளைவு என்ன? 1994 வரை தடாவில் கைதானவர்கள் 76,000-க்கும் மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. பஞ்சாப், காஷ்மீருக்காக என்று கொண்டுவந்த சட்டம் பயங்கரவாதம் அவ்வளவாக இல்லாத குஜராத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது பாய்ந்தது. 1995-ல் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, இந்தச் சட்டத்தை நீட்டிக்க வேண்டாம் என்று எம்.பி.க்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். அந்த மே மாதம் தடா காலாவதியானது. ஆனால் ஏற்கனவே போட்ட வழக்குகள் தடாவின் கீழேயே நடந்தன.

ஸ்ரீபெரும்புதூர் வழக்கு

அவற்றில் தமிழ்நாடு மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கூட்டத்துக்கு வந்த பொதுமக்களும் உடன் மாண்டார்கள். குற்றவாளிகளைப் பிடித்தே ஆக வேண்டிய கொடுமை அது. அதில் சந்தேகமே வேண்டாம்.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த ஆண்டு மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 26-ல் 19 பேர் விடுதலைக்கு உரியவர்கள் ஆனார்கள். நான்கு பேருக்குத் தூக்கு உறுதியானது, மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. இந்தக் கொலைக்குத் தடா சட்டமே பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அப்படியானால் தடாவின்கீழ் போலீஸ் எழுதி வாங்கிய வாக்குமூலங்கள் என்ன ஆகும்? ஒரே விசாரணையில் சேர்த்து நடத்தப்பட்டதால் கொலைக் குற்றத்துக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்றது நீதிமன்றம்.

தூக்கு உறுதியான நால்வரில் ஒருவர் பேரறிவாளன். 1991 ஜூன் மாதம் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அவருக்கு வயது 19. குண்டுக்குப் பயன்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அது எதற்கு என்று தெரிந்தே வாங்கினார் என்பதற்கு அவரது வாக்குமூலம்தான் பிரதான ஆதாரம். கருணை மனு 11 ஆண்டுகள் கிடந்து 2011-ல் நிராகரிக்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்புதான் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது.

2013 நவம்பரில் ஒரு செய்தி வெளிவந்தது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன் ஓய்வு பெற்ற பிறகு பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னார்; அந்த வரியைத் தான் எழுதவில்லை என்றார். பின்னர் இதையே உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தார்.

ஒரே ஒரு வரி. அது இருந்தால் பேட்டரி வாங்கிக் கொடுத்த இளைஞன், இல்லாவிட்டால் கொலைச் சதியில் பங்காளி. 2011-ல் குறித்த நாளில் தூக்கு நடந்திருந்தால், அந்த அதிகாரி உண்மையைச் சொன்னபோது கேட்பதற்கு அந்த மனிதர் இருந்திருக்க மாட்டார்.

2014-ல் உச்ச நீதிமன்றம் தாமதத்தைக் காரணம் காட்டித் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று 142-வது பிரிவின் கீழ் அவரை விடுவித்தது. அவர் நிரபராதி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. விடுதலைக்கான காரணங்கள் வேறு. ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வாய்ப்பும் 1991-ல் அந்தத் தாளில் எழுதும்போதே போய்விட்டது.

பொடா: மறுபடியும் அதே பிரிவு

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பொடா அவசரச் சட்டமாக வந்தது. அந்த டிசம்பரில் நாடாளுமன்றமே தாக்கப்பட்டது. மாநிலங்களவை மசோதாவைத் தோற்கடித்தும், 2002 மார்ச்சில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி நிறைவேற்றினார்கள். போலீஸ் வாக்குமூலம் திரும்பி வந்தது. 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும் கூடுதல்.

பொடாவை ஆதரித்த கூட்டணியில் இருந்த வைகோ அதே ஆண்டு ஜூலையில் திருமங்கலம் கூட்டப் பேச்சுக்காகப் பொடாவில் கைதாகி 19 மாதங்கள் சிறையில் இருந்தார். யாருக்கோ என்று செய்த சட்டம் யார் மீது பாயும் என்பது ஆள்பவரைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இதைவிடக் கனமானது அக்ஷர்தாம் வழக்கு. 2002 செப்டம்பரில் காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலுக்குள் இரண்டு பேர் புகுந்து 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அவர்கள் இருவரும் அங்கேயே சுடப்பட்டனர். சதிக்கு உதவியவர்கள் என்று ஓராண்டு கழித்து ஆட்களைப் பிடித்தார்கள். வழக்கு முழுவதும் பொடா வாக்குமூலங்களின் மேல் நின்றது. மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. வாக்குமூலங்கள் தானாகக் கொடுக்கப்பட்டவை அல்ல என்றது. குண்டு துளைத்து ரத்தத்தில் நனைந்த உடல்களின் சட்டைப்பையில் இருந்ததாகச் சொன்ன கடிதங்களில் ஒரு கறை கூட இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

இதில் ஆறு பேருக்கு நடந்த அநியாயம் பாதிதான். கோயிலில் உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு நடந்தது மறு பாதி. அந்த இருவருக்கும் உதவியது யார் என்ற கேள்விக்கு அந்த வழக்கு பதில் தரவே இல்லை. வாக்குமூலம் கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் உண்மையான தேடல் நின்றுபோனது.

மும்பை காட்டிய வழி

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் மாண்டார்கள். அதற்குள் பொடா ரத்தாகியிருந்தது (2004). போலீஸ் வாக்குமூலம் செல்லாது என்ற பழைய விதியே நடைமுறையில் இருந்தது. உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப்புக்கு வக்கீல் கொடுக்கப்பட்டது. சாட்சிகள், புகைப்படங்கள், கேமரா பதிவுகள், தடயவியல் சான்றுகள், மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலம் ஆகியவற்றைக் கொண்டே குற்றம் நிரூபிக்கப்பட்டது. மூன்று நீதிமன்றங்களும் அதை உறுதி செய்தன. 2012 நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார். தூக்குத் தண்டனை சரியா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது, உடன் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்களை ஆதாரம் போதாது என்று அதே நீதிமன்றங்கள் விடுவித்ததைத்தான். அத்தனை கோபத்திலும் நீதிமன்றம் ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்த்தது.

இன்றைய நிலை

இன்று நடைமுறையில் இருப்பது 1967-ல் பிறந்து, 2004, 2008, 2019-ல் திருத்தப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், சுருக்கமாக உபா. அதில் போலீஸ் வாக்குமூலப் பிரிவு இல்லை. 2024 ஜூலையில் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் 1872-ன் தடை அப்படியே இருக்கிறது. இது நல்ல செய்தி.

ஆனால் சிக்கல் வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. உபாவில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாட்கள் வரை காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதானார். ஜாமீனுக்குக் காத்திருந்தபடியே 2021 ஜூலையில் 84 வயதில் இறந்தார். அவர் மீதான வழக்கில் விசாரணை தொடங்கவே இல்லை. விசாரணை முடிவில்லாமல் நீண்டால் ஜாமீன் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் நஜீப் வழக்கில் சொன்னது ஓரளவு ஆறுதல்.

சாட்சிக்கு ஆபத்து என்றால் சாட்சியைப் பாதுகாக்க வேண்டும். தடயவியல் கூடங்களைப் பெருக்க வேண்டும். வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். இவை செலவு பிடிக்கும் வேலைகள். ஒரு அதிகாரியின் மேஜையில் வாக்குமூலம் எழுதி வாங்குவதற்குச் செலவே இல்லை. ஆனால் அந்தத் தாளை நம்பி நாடு பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்தால், உண்மையான குற்றவாளி அதே நேரத்தில் வெளியே நடமாடிக்கொண்டிருக்கலாம். கிட்டியும் அண்ணாந்தாளும் பார்த்த 1855-ன் கமிஷனுக்கே தெரிந்த விஷயம் இது.