பெட்டியும் சாரீரமும்

சென்ற சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தபோது, தென்காசியில் என் தங்கை மகன் என்னை ஒரு கேள்வி கேட்டு மடக்கினான்.

"மாமா, கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்கப் போகிறேன். கூடவே இலவசமாக வருகிற காரேஜ்பேண்ட் போதுமா, இல்லை பெரிய சங்கீதக்காரர்கள் வைத்திருக்கிற லாஜிக் ப்ரோவைக் காசு கொடுத்து வாங்கிவிடட்டுமா?"

இந்த யோசனையிலேயே இரண்டு வருஷம் போய்விட்டதாம். இதுவரை ஒரு பாட்டும் அமைக்கவில்லை. கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் 'தெரியாது' என்று சொல்ல மாமா ஸ்தானம் இடம் கொடுக்குமா? பக்கத்து ஊரான செங்கோட்டைக் கதையைச் சொன்னேன்.

ஆர்மோனியத்துக்கு 1842ல் பாரிஸில் உரிமை பெற்றவர் டெபேன். காலால் மிதித்து வாசித்த அந்தக் கருவியை, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி போடுகிற பெட்டியாக்கினார். தரையில் உட்கார்ந்தே வாசிக்கலாம். தினம் சுருதி கூட்டுகிற தொல்லை கிடையாது. வீடுகளும் நாடகக் கம்பெனிகளும் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டன.

வித்வான்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்து போவதல்லவா நம்முடைய கமகம்? பெட்டியோ கட்டைக்குக் கட்டை தாவுகிறது. குற்றால அருவியைப் படிக்கட்டு வழியாக இறங்கி வரச் சொன்ன மாதிரிதான்! குற்றச்சாட்டு பொய்யில்லை. 1940 மார்ச்சில் அகில இந்திய ரேடியோ ஆர்மோனியத்தை விலக்கியே வைத்தது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று.

ஆனால் அந்தத் தடைக்கு முன்பே, 1906ல் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா நாடக மேடையில் பாடிப் புகழ் பெற்று, 1933ல் இருபத்தேழு வயதிலேயே மறைந்தும் போய்விட்டார். அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் சகோதரர் காசி ஐயர். கிட்டப்பாவின் பிருகாக்களைப் பெட்டியா கொடுத்தது? சாரீரம் கொடுத்தது. பெட்டி சுருதியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தது. பெட்டியால் முடியாதது எதுவென்று பாடுகிறவருக்குத் தெரியும்; அதைத் தொண்டை பார்த்துக்கொண்டது.

பையன் கேட்ட இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லாஜிக்கை உண்டாக்கிய எமாஜிக் என்ற ஜெர்மன் கம்பெனியை ஆப்பிள் 2002ல் வாங்கியது. வீட்டுக்காரர்களுக்கென்று காரேஜ்பேண்டை 2004ல் வெளியிட்டது. சின்னதில் தொடங்கிய வேலையை அப்படியே பெரியதில் திறந்து தொடரலாம். பல வாத்தியங்களைக் கலந்து நிறுத்தவும், ஸ்வரஸ்தானங்களை நகர்த்திக்கொள்ளவும் பெரியதில் வசதி அதிகம்.

"சின்னதிலேயே ஆரம்பி. 'இந்த இடத்தில் இது என் கையைக் கட்டுகிறது' என்று உன் காது என்றைக்குச் சொல்கிறதோ, அன்றைக்குப் பெரியதை வாங்கு. ஊரார் சொல்வதற்காக வாங்காதே" என்றேன்.

அன்று மாலையே மாடியில் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தான். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. அதற்குப் பெட்டி பொறுப்பில்லை.