பெயரிட்டவர் யார்?

'நாற்றம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பழம்புலவர்கள் மலரின் மணத்தைச் சொல்ல இச்சொல்லைத் தயக்கமின்றி ஆண்டனர். இன்று பூக்கடைக்குச் சென்று, "இந்த மல்லிகையின் நாற்றம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பூக்காரம்மா உங்களைச் சும்மா விடமாட்டார். ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு தாழ்வதை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். சொல் தாழ்ந்ததால் மல்லிகைக்கு இழப்பு ஏதும் இல்லை. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தைக் குறிக்கும் சொல் தாழ்ந்தால்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் பெயர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நூலகத்திலுள்ள பழைய புவியியல் நூல்களில் அவர்களை 'நீக்ரோக்கள்' என்று படித்திருப்பீர்கள். இன்றைய ஏடுகளில் அச்சொல் அருகிவிட்டது. சட்டை மாற்றுவது போலச் சொல்லை மாற்றிக்கொள்கிறார்கள் என்று எண்ணுவோர் உண்டு. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களைப் புரட்டுவோர் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

அமெரிக்காவின் முதற் கணக்கெடுப்பு 1790-ஆம் ஆண்டில் நடந்தது. அதில் மொத்தம் ஐந்தே பிரிவுகள். 16 வயதும் அதற்கு மேலும் உடைய சுதந்திர வெள்ளை ஆண்கள், அதற்குக் குறைந்த வயதினர், சுதந்திர வெள்ளைப் பெண்கள், ஏனைய சுதந்திர மனிதர்கள், அடிமைகள். எண்ணப்பட்ட ஏறத்தாழ 39 இலட்சம் பேரில் அடிமைகள் ஏறத்தாழ 7 இலட்சம். மக்களவை இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூவராகக் கணக்கிட வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் விதி. 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியலே தயாரித்தனர். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரிசையாகக் குறிப்புகள் இருக்கும். அடிமையின் பெயரை எழுதுவது வழக்கமில்லை. ஓர் அடிமைக் குடும்பத்தின் வழித்தோன்றல் இன்று தம் முன்னோரைத் தேடிச் சென்றால், பெரும்பாலும் 1870-ஆம் ஆண்டுப் பட்டியலோடு நின்றுவிட நேர்கிறது. விடுதலை பெற்றோரின் பெயர்கள் முதன்முதலாக முறையாக எழுதப்பட்டது அதில்தான்.

1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இன்னும் விந்தையானது. நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ ஆப்பிரிக்கக் குருதி உடையவர் 'கறுப்பர்'. எட்டில் மூன்று முதல் எட்டில் ஐந்து பங்கு வரை உடையவர் 'முலாட்டோ'. நான்கில் ஒரு பங்கு 'குவாட்ரூன்'. எட்டில் ஒரு பங்கு அல்லது சிறு சுவடு இருந்தாலும் 'ஆக்டரூன்'. இதை யார் அளந்தது? வீட்டு வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர். எதைக் கொண்டு? தம் கண்ணைக் கொண்டு! ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுக்கும்போது, "முதலில் மீச்சிற்றளவு என்ன என்று சொல்" என்று மாணவரைக் கேட்பது எங்கள் வழக்கம். எட்டில் ஒரு பங்குக் குருதியைக் கண்ணால் அளக்கும் கருவிக்கு மீச்சிற்றளவு யாது என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1930-க்குள் இப்பின்னங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. ஆப்பிரிக்கக் குருதி எவ்வளவு சிறிதாயினும் 'நீக்ரோ' என்றே எழுதுக என்பது புதிய கட்டளை. மக்கள் அவர்களே, படிவந்தான் வேறு.

இப்படிவங்களில் இந்தியர் எந்தப் பிரிவில் இருந்தனர் என்று நீங்கள் கேட்கலாம். 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் இந்தியாவிலிருந்து சென்றவர் அனைவரும் 'இந்து' என்ற இனம்! சீக்கியராயினும் முஸ்லிமாயினும் படிவத்தில் இந்துவே. 1970-இல் அவர்களை 'வெள்ளையர்' கணக்கில் சேர்த்தனர். இந்திய அமைப்புகள் முறையிட்டதன் பேரில் 1980-இல் 'ஆசிய இந்தியர்' என்ற பெயர் வந்தது. அறுபது ஆண்டுகளில் மூன்று இனங்கள்!

இது சிரிப்புக்குரிய செய்தி மட்டுமன்று. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புளூமன்பாக் என்ற அறிஞர் மண்டையோடுகளைத் திரட்டி மனித வகைகளை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று காக்கசஸ் மலைப்பகுதியைச் சார்ந்த ஜார்ஜியா நாட்டுப் பெண்ணினுடையது. அதன் அழகில் மயங்கிய அவர், 1795-இல் ஐரோப்பியர் முதலானோரின் வகைக்குக் 'காக்கேசியர்' என்று பெயரிட்டார். மனிதர் அனைவரும் ஒரே இனம் என்று வாதிட்டவரும் அவரே என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆயினும் பெயர் அவர் கையை விட்டுப் போய், நீதிமன்றம் ஏறியது.

அமெரிக்காவில் குடியேறியவருள் வெள்ளையரும், 1870-க்குப் பின் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம். 1922-இல் ஒசாவா என்ற ஜப்பானியர் விண்ணப்பித்தபோது, 'வெள்ளையர்' என்றால் காக்கேசியர் என்று பொருள், நீர் காக்கேசியர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர் அவர். "அறிவியலார் கூற்றுப்படி நான் காக்கேசியன்" என்பது அவர் வாதம். சாதாரண மனிதன் வெள்ளையர் என்று யாரைக் கருதுகிறானோ அவரே வெள்ளையர் என்றும், அறிவியற் பகுப்பு இங்குச் செல்லாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவை அடைக்க உதவியபோது அறிவியல் வேண்டியிருந்தது. திறக்க முற்பட்டபோது வேண்டாததாயிற்று. இத்தீர்ப்பைக் காட்டி, முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறித்தனர். பிற்காலச் சட்டம் ஒன்றின்படி, படைவீரர் என்ற முறையில், திண்ட் 1936-இல் குடியுரிமை பெற்றார். ஏனைய இந்தியருக்கு 1946 வரை கதவு திறக்கவில்லை.

இதுகாறும் கண்டவை பிறர் இட்ட பெயர்கள். ஆப்பிரிக்க வழிவந்தோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்களின் கதை வேறு.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுள் விடுதலை பெற்றோர் தங்களை 'ஆப்பிரிக்கர்' என்றே அழைத்துக்கொண்டனர். 1787-இல் பிலடெல்பியாவில் அவர்கள் நிறுவிய சங்கத்தின் பெயரில் அச்சொல் உண்டு. பிறகு ஏன் கைவிட்டனர்? விடுதலை பெற்ற கறுப்பரை ஆப்பிரிக்காவிற்கே அனுப்பிவிட வேண்டும் என்று 1816-இல் ஒரு கழகம் தோன்றியது. "நாங்கள் ஆப்பிரிக்கர்" என்று சொன்னால், "அப்படியானால் அங்கேயே செல்லுங்கள்" என்ற பதில் வருமே! எனவே பலர் 'நிறத்தவர்' என்னும் சொல்லுக்கு மாறினர். 1837-இல் நியூயார்க்கில் 'நிற அமெரிக்கர்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழே வெளிவந்தது. 1909-இல் தோன்றிய புகழ்பெற்ற உரிமைக் கழகத்தின் பெயரிலும் இச்சொல் இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆனால் தென் மாநிலங்களில் குடிநீர்க் குழாய்களிலும் இரயில் நிலையக் கதவுகளிலும் இதே சொல் பலகையாகத் தொங்கியது. அந்தப் பலகையைத் தினமும் பார்த்து நடந்தவர்க்கு அச்சொல் எப்படி இனிக்கும்?

அடுத்து 'நீக்ரோ'. இன்று தாழ்வாகத் தோன்றும் இச்சொல்லை உயர்த்தப் போராட்டம் நடந்தது என்றால் வியப்பீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் மக்களினப் பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவது மரபு. இச்சொல்லை மட்டும் சிறிய எழுத்தில் அச்சிட்டு வந்தனர். 1899-இல் வெளியான தம் ஆய்வு நூலில் டு போய்ஸ் என்ற அறிஞர், எண்பது இலட்சம் அமெரிக்கர்களுக்கு ஒரு பெரிய எழுத்துக்கு உரிமை உண்டு என்று குறித்து, அவ்வாறே எழுதினார். நியூயார்க் டைம்ஸ் நாளேடு அதை ஏற்றது 1930-இல்! ஓர் எழுத்துக்கு முப்பத்தோர் ஆண்டுகள்.

அதே டு போய்ஸ் ஆசிரியராக இருந்த இதழுக்கு 1928-இல் ஒரு பள்ளி மாணவர் கடிதம் எழுதினார். நம்மை ஏன் இந்தப் பெயரால் அழைக்கிறீர்கள், அமெரிக்கர் என்றால் போதாதா என்பது கேள்வி. பெயர் என்பது ஓர் அடையாளமே. பெயரை மாற்றிவிட்டால் இழிவும் மாறிவிடும் என்று நம்பாதே என்று டு போய்ஸ் விடையளித்தார். முழுக்கச் சரி என்று சொல்வதற்கில்லை. ஓர் எழுத்துக்காகப் போராடியவருக்கே பெயரின் எடை தெரியாதா என்ன? ஆனால் பாதி உண்மை அதில் இருக்கிறது. நிலை தாழ்ந்தே இருந்தால், புதுச் சொல்லிலும் பழைய அழுக்கு ஏறிவிடும்.

1963-இல் வாஷிங்டனில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் மார்ட்டின் லூதர் கிங் 'நீக்ரோ' என்னும் சொல்லைப் பலமுறை மதிப்போடு கையாண்டார். மூன்றே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1966 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'கறுப்பர் ஆற்றல்' என்று முழங்கினார். அதுவரை 'கறுப்பு' என்பது ஒருவரைப் புண்படுத்தச் சொல்லும் சொல்லாகவே பலருக்கு இருந்தது. இளைஞர்கள் அதை எடுத்து மார்பில் அணிந்துகொண்டனர். சொற்கள் வழங்க வழங்கத் தேயும் என்ற கொள்கை மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று; தேய்ந்துபோன சொல் ஒன்று இங்கே மேலே எழுந்தது. 1988-இல் ஜெசி ஜாக்சன் முதலான தலைவர்கள் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்ற பெயரை முன்வைத்தனர். அச்சத்தால் கைவிட்ட பெயரின் பாதி, ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின், அச்சமின்றித் திரும்பி வந்தது.

எங்கள் இயற்பியலில் இத்தொல்லை இல்லை. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை 'எதிர்' என்கிறோம். பிராங்க்ளின் காலத்து வழக்கத்தால் நேர்ந்த பெயர். எந்த எலெக்ட்ரானும் மறுப்புக் கடிதம் எழுதியதில்லை. மனிதனுக்கு மட்டும் தன் பெயரைப் பற்றிச் சொல்ல ஏதோ இருக்கிறது.

படிவத்துக்கே திரும்புவோம். 1960 முதல், கணக்கெடுப்பாளர் பார்த்து எழுதும் முறை போய், வீட்டாரே தம் இனத்தைக் குறிக்கும் முறை வரத் தொடங்கியது. என் கருத்தில், எந்தச் சொல் மாற்றத்தையும்விடப் பெரிய மாற்றம் இதுவே. 2000-ஆம் ஆண்டுப் படிவத்தில் கறுப்பர், ஆப்பிரிக்க அமெரிக்கர், நீக்ரோ ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 'நீக்ரோ' என்று தம் கையாலேயே எழுதியிருந்தனர். அப்பெயரோடு வளர்ந்து, அப்பெயரோடு போராடிய முதியோர் பலருக்கு அது இழிசொல் அன்று. இளையோருக்கோ அது பொறுக்க முடியாத சொல். 2013-இல் அதை நீக்க முடிவு செய்தனர். 2016-இல் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் ஒன்று மைய அரசின் பழைய சட்டங்களிலிருந்தும் அச்சொல்லை அகற்றியது. 2020-ஆம் ஆண்டுப் படிவத்தில் அது இல்லை. கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற கட்டத்தின் கீழே ஒரு வெற்றிடம் விட்டிருந்தனர். ஜமைக்கா, ஹைத்தி, நைஜீரியா, எத்தியோப்பியா என்று தம் மூலத்தை அவரவரே அதில் எழுதிக்கொள்ளலாம்.