பரபக்கமும் நூலெரிப்பும்

கருணாபுரத்தைத் தன்னகத்துடைய கள்ளக்குறிச்சியும், அதற்குக் கிழக்கே மெய்கண்டதேவர் உபதேசஞ் செய்தருளிய திருவெண்ணெய்நல்லூரும், அருணந்தி சிவாசாரியர் வாழ்ந்த திருத்துறையூரும் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துள் அடங்கிய ஊர்களாம். இந்நடுநாட்டில் கி. பி. 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அருணந்தியார் அருளிய சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தை, பிறர் வாயடைக்க எழுந்த நூலெனக் கருதுவாருமுளர். அது பொருந்தாது.

பரபக்கத்துள் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகள் ஆராயப்படுகின்றன. முதற்கண் அவரவர் மதமே கூறப்பட்டு, அதன் பின்னரே மறுப்பு எழுகின்றது. கடவுளும் மறுபிறப்பும் இல்லையென்னும் உலகாயதன் கூற்றும் மறைக்கப்படாது நிற்கின்றது. ஆசீவகர்தம் முதனூல்களுள் இன்று ஒன்றேனும் கிடைத்திலது. 1951-இல் அவர்தம் வரலாறெழுதிய பாஷம் என்னும் ஆங்கிலேய ஆசிரியர், தமிழில் மணிமேகலை, நீலகேசி என்பவற்றோடு சித்தியாரையுமே நாடவேண்டியதாயிற்று. மறுக்கப் புகுந்த நூல் மறுக்கப்பட்டார் கொள்கையைக் காத்து வைத்தது!

மதுரை அனல்வாதத்தினும் இருதிறத்தாரும் தத்தம் ஏட்டையே தீயிலிட்டனர், பிறரேட்டைப் பறித்திட்டாரல்லர். வாதிற் றோற்ற சமணர் கழுவேறிய செய்தியையும் சேக்கிழார் மறைத்திலர். அதனை இக்காலத்துச் சைவர் பெருமையாகப் பேசுதற்கில்லை.

அச்சேக்கிழார் நூலையே எரித்தல் வேண்டுமென்னுங் கிளர்ச்சி 1943-இல் எழுந்தது. கம்பராமாயணமும் உடன் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியிற் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையும், மார்ச்சில் கல்வராயன் மலைக்கு மேல்பாலுள்ள சேலத்தில் நாவலர் ச. சோமசுந்தர பாரதியாரும், எரிக்கவேண்டுமென வாதித்த சி. என். அண்ணாதுரையோடு ஒரே மேடையேறி எதிர்வாதம் புரிந்தனர். பிற்றைநாளில் அவ்வாதங்கள் 'தீ பரவட்டும்' என நூலாயின. இருதிறத்துரையையும் இன்றுங் கற்கலாம். நூலை எரிக்கச் சொன்னாரை அவையில் வைத்து வினாவுதல் பரபக்க நெறியேயாம்.

அரசினர் கொண்ட நெறி வேறு. புலவர் குழந்தை 1946-இல் வெளியிட்ட இராவண காவியத்தை 1948-இல் சென்னை அரசாங்கந் தடைசெய்தது. இராவணனைத் தலைவனாக்கியதே அந்நூலின் புதுமை. சைவர்க்கு அவன் அயலானல்லன். ஞானசம்பந்தர் பதிகங்களுட் பெரும்பாலனவற்றில் எட்டாந் திருப்பாட்டு அவன் தருக்கழிந்து அருள்பெற்ற வரலாற்றைக் கூறும். அக்காவியத்தைச் சைவர் ஏற்பினும் மறுப்பினும் கற்றன்றோ செய்தல் வேண்டும்? தடையினால் நூலேயன்றி அதற்கு மறுப்பெழுதும் வாயிலும் அடைபட்டது. 1971-இலேயே அத்தடை நீக்கப்பட்டது.